ஏழரைக் குதிரையும் இரநூறு சிசியும்

வெஸ்பா குடும்பத்து ஸ்கூட்டர் ஒண்ணு வீட்ல நின்னா, அதுக்குப் பெரிய எஞ்சின் போடலாம்னு சொல்ல ஒரு மச்சினனும் எங்கிருந்தாவது வந்து நிப்பான். இது இயற்கை நியதி. எங்க வீட்ல நிக்கிறது அப்பாவோட பஜாஜ் சேட்டக், 1988 மாடல். வந்து நின்னவன் தங்கமணியோட தம்பி.

"மாமா, புதுச்சேரில ஒருத்தர்கிட்ட வெஸ்பா இரநூறு சிசி எஞ்சின் இருக்கு. யாரோ வெளிநாட்டுக்காரர் வண்டியோட கொண்டு வந்து, பாடி துருப்பிடிச்சுப் போயி, எஞ்சின் மட்டும் மிச்சம். உங்க வண்டிக்கு அப்படியே உக்காரும். வாங்கிட்டேன்."

"வாங்கலாமா"ன்னு கேக்கல பாருங்க. வாங்கிட்டேன்! அவன் சம்பளம், அவன் பணம். ஆனா வண்டி என்னோடது. சரியாச் சொன்னா என்னோடதும் இல்ல, அப்பாவோடது.

சேட்டக்ங்கிறது ராணா பிரதாப்போட குதிரை பேரு. பேரும் குதிரை, திறனை அளக்கிறதும் குதிரையில. எத்தனை குதிரைன்னா ஏழரைச் சொச்சம். சனி பகவானுக்கும் பஜாஜுக்கும் என்ன ஒப்பந்தமோ தெரியல :) இந்த ஏழரையை வச்சுக்கிட்டுத்தான் ரெண்டு தலைமுறை இந்தியா, புருஷன், பொண்டாட்டி, முன்னாடி நிக்கிற பையன், மடியில கைக்குழந்தை, டிக்கியில காய்கறின்னு ஊர் சுத்துச்சு. எங்கப்பாவும் பதிஞ்சு வச்சுட்டு வருஷக்கணக்கா காத்திருந்து வாங்கினவர்தான். 1972-ல வந்த வண்டி. 2009 கடைசியில ஸ்கூட்டர் பண்றதையே விடறோம்னு பஜாஜ் அறிவிச்சப்போ, அப்பா செய்தித்தாளை மடிச்சு வச்சுட்டு வெளிய போயி வண்டியைத் துடைச்சார். இப்போ அதே பேர்ல 2020-லருந்து பேட்டரி வண்டி வருது. அதைப் பத்தி அப்பா ஒரு வார்த்தை பேசறதில்ல.

சரி, மேட்டருக்கு வர்றேன். 'அப்படியே உக்காரும்'னு மச்சினன் சொன்னது பொய் இல்ல. வெஸ்பாவை வரைஞ்ச கொராதீனோ தாஸ்கானியோ அடிப்படையில விமான எஞ்சினியர், ஹெலிகாப்டர் பண்ணினவர். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காதாம். செயின் கூடாது, எண்ணெய் தெறிக்கக் கூடாதுன்னு நினைச்சு 1946-ல அவர் பண்ணின வண்டியில எஞ்சினும் கியர் பெட்டியும் பின் சக்கரமும் ஒரே உருப்படி. அந்த மொத்த உருப்படியும் முன்னாடி ஒரு நீளமான போல்ட்டுல தொங்குது, பின்னாடி ஷாக் அப்சார்பர்ல ஒரு போல்ட். அவ்வளவுதான். கிளட்ச் கேபிள், கியர் கேபிள் ரெண்டு, ஆக்சிலேட்டர், சோக், பின் பிரேக், பெட்ரோல் குழாய், நாலு ஒயர். இத்தனையும் கழட்டினா, வண்டியைத் தூக்கிப் பிடிக்க ரெண்டு பேர் இருந்தா, எஞ்சின் உருண்டு வெளிய வந்துரும். பழக்கப்பட்ட ஆளுக்கு அரை மணி நேரம். பஜாஜ் பத்து வருஷத்துக்கு மேல பியாஜியோகிட்ட லைசென்ஸ் வாங்கி வெஸ்பா செஞ்ச கம்பெனி, 1971-ல லைசென்ஸ் முடிஞ்சப்புறமும் அதே எலும்புக்கூட்டைத்தான் வச்சுக்கிச்சு. அதனால இத்தாலி எஞ்சினும் சேட்டக்கும் பெரியப்பா பசங்க, சித்தப்பா பசங்க மாதிரி. முகம் வேற, முழங்கால் ஒண்ணு.

இத்தாலியிலயே இந்த விளையாட்டு ரொம்ப நாளா உண்டு. 1963-ல வெஸ்பா 50 வந்துச்சு. அந்த ஊர் சட்டப்படி அதுக்கு லைசென்சும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். பள்ளிக்கூடப் பசங்களுக்குக் கொண்டாட்டம். அதே சின்ன பாடியில 125 பிரிமவேரா எஞ்சின் நேரா உக்காரும்னு கண்டுபிடிக்க அவங்களுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்? வெளிய பாத்தா சாது 50, உள்ள 125. ஊருக்கு ஊர் மச்சினன்கள் இருக்காங்க.

எண்கள் பிடிக்காதவங்க அடுத்த பத்தியைத் தாண்டிருங்க.

சேட்டக் சிலிண்டரோட விட்டம் 57 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குற ஓட்டமும் 57. கணக்குப் போட்டா 145.45 சிசி. (நம்ம ஊர்ல அதை 150-ன்னு சொல்லி வித்தாங்க, நாமளும் பெருமையா 150-ன்னே சொல்லிக்கிட்டோம்.) வெஸ்பா 200-ல ஓட்டம் அதே 57 தான்! விட்டம் மட்டும் 66.5. பெருக்கினா 197.97. அதாவது பிஸ்டன் தலையோட பரப்பு மூணுல ஒரு பங்குக்கும் மேல கூடுதல். இதைப் பாத்தவுடனே "அப்போ சிலிண்டரை மட்டும் மாத்தினா போதுமே"ன்னு ஒரு சபலம் வரும். முடியாது. 200-க்கு கிராங்க் கேஸோட வாயே பெருசு, ஸ்டட்கள் தள்ளித் தள்ளி இருக்கு. முழு எஞ்சினா மாத்தினாத்தான் உண்டு. கார்ப்பரேட்டரும் 20-க்குப் பதில் 24. கிளட்சுலருந்து கியர் பெட்டிக்குப் போற பல் கணக்கு 23-க்கு 65, அதனால ஒவ்வொரு கியரும் நீளமா இழுக்கும். எல்லாம் சேர்த்து 12 குதிரை கிட்ட.

எங்க மெக்கானிக் அண்ணனுக்கு அறுபதைத் தாண்டிருச்சு. உக்கடத்துப் பழைய சாமான் கடைகள்ல கண்ணைக் கட்டி விட்டாலும் சேட்டக் கிளட்ச் பிளேட்டைத் தடவிப் பாத்து எடுப்பார். எஞ்சினை அவர் முன்னாடி இறக்கினோம். காய்ஞ்சுபோன மண்ணை ஸ்க்ரூடிரைவரால சுரண்டி நம்பரைப் படிச்சார். கிக்கரைக் கையால அழுத்தி கம்ப்ரஷன் பாத்தார். முகத்துல ஒரு மலர்ச்சி. அப்புறம் என்னைப் பாத்தார்.

"மாத்தறது ரெண்டு போல்ட்டு வேலைங்க தம்பி. அதைப் புக்குல ஏத்தறதுதான் ஆகாத வேலை. அப்பாகிட்டக் கேட்டீங்களா?"

கேக்கல. அதுதான் எனக்கு உதறல். அப்பா அந்த வண்டியில ஒரு நட்டு மாத்தினாக்கூட நோட்டுல தேதி போட்டு எழுதி வைக்கிற ஆளு. மில்லுல மேஸ்திரியா இருந்தவர், மெஷினுக்கு மரியாதை தரணும்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தவர். இப்போ வயசு எழுபத்தஞ்சு. மூட்டு வலி, கிக்கர் அடிக்க முடியறதில்ல. ஆனா தினமும் சாயங்காலம் வண்டியைச் சாய்ச்சு நிமிர்த்தி, நான் ஸ்டார்ட் பண்ணினதும் ரெண்டு நிமிஷம் சத்தம் கேட்டுட்டுத்தான் உள்ள வருவார். அந்த மனுசன்கிட்டப் போயி உங்க எஞ்சினைக் கழட்டிட்டு வேறொண்ணு வைக்கலாம்னு எப்படிக் கேக்க? வாய் வரைக்கும் வந்து ரெண்டு நாள் முழுங்கினேன்.

மூணாவது நாள் மச்சினனே போட்டு உடைச்சுட்டான். சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். அப்பா சாதத்தைப் பிசையறதை நிறுத்தினார். நான் தட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

"எத்தனை குதிரை?"ன்னார்.

"பன்னெண்டு வருமுங்க மாமா."

"நாலு பேரை வச்சுக்கிட்டு கோத்தகிரி ஏறுமா?"

எனக்கு நிமிர்ந்து பாக்க வேண்டியதாப் போச்சு. மச்சினன் "அசால்ட்டா ஏறுமுங்க"ன்னான். அப்பா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லல. அப்புறம் என்கிட்டத் திரும்பி, "உங்கம்மா நடந்தாடா"ன்னார்.

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். 1991 மே மாசம். கோத்தகிரியில அப்பாவோட சிநேகிதர் வீட்டுக் கல்யாணம். மேட்டுப்பாளையத்துலருந்து கோத்தகிரி முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா அந்த முப்பதுக்குள்ள ஒண்ணரை கிலோமீட்டர் உயரம் ஏறணும். கோத்தகிரி 1,800 மீட்டர் கிட்ட. ஆயிரம் மீட்டர் ஏறினா எஞ்சின் திறன் பத்துல ஒரு பங்கு போயிரும்னு ஒரு கணக்கு உண்டு, காத்து மெலிசாயிரும்ல. ஆக ஏழரையில ஆறு மிச்சம்னு வச்சுக்குங்க. முன்னாடி நான் நின்னுக்கிட்டு, பின்னாடி அம்மா, அம்மா மடியில மூணு வயசுத் தங்கச்சி. ரெண்டாவது கியர்லயே போயி, திருப்பம் வந்தா ஒண்ணு. ஒரு வளைவுல ஒண்ணாவது கியர்லயும் மூச்சு விட்டுருச்சு. எல்லாரும் இறங்கினோம். அப்பா வண்டியை மட்டும் ஓட்டி மேல கொண்டு போயி நிறுத்திட்டு, திரும்பி நடந்து வந்து தங்கச்சியை வாங்கிக்கிட்டார். அதுக்குள்ள அம்மா பட்டுச் சேலையோட, இடுப்புல புள்ளையோட பாதி தூரம் ஏறிட்டா. அன்னிக்கு இப்படி மூணு தடவை. எனக்கு ஞாபகத்துல இருக்கிறது வழியில வாங்கின கேரட்டும், ரோட்டோரத்துக் குரங்கும்தான். அப்பாவுக்கு இதுதான் ஞாபகம் போல. முப்பது வருஷமா ஒரு தடவைகூட வாயைத் தொறந்து சொன்னதில்ல. அம்மா போயி ஆறு வருஷம் ஆச்சு.

"போட்டுப் பாக்கலாம். ரோட்ல வேண்டாம்"னார் அப்பா. சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிட்டுப் போயி அவரோட நோட்டை எடுத்துத் தேதி போட ஆரம்பிச்சார்.

அப்பா வேலை பார்த்த மில்லு மூடிப் பல வருஷம் ஆகுது. காம்பவுண்டு மட்டும் இருக்கு, வாட்ச்மேன் அப்பாவுக்குத் தெரிஞ்சவர், சொந்தக்காரங்க வீட்டுல ஒரு வார்த்தை கேட்டு அனுமதியும் வாங்கியாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் அங்கயே கொண்டு போயிட்டோம். கழட்ட இருபத்தஞ்சு நிமிஷம். மாட்டறதுக்கு மட்டும் ஒண்ணரை நாள்! பின்ன? என் வண்டி 6 வோல்ட், காண்டாக்ட் பாயின்ட் காலத்து ஆளு. 200 எஞ்சின் 12 வோல்ட், எலக்ட்ரானிக் இக்னிஷன். பல்பு, ஹாரன் எல்லாம் மாத்தணும், ரெகுலேட்டர் புதுசா வைக்கணும். ஒயரிங் சிக்கலைப் பிரிச்சுக்கிட்டு மெக்கானிக் அண்ணன் உக்காந்திருந்தப்போ நான் டீ வாங்கப் போனேன், திரும்பி வந்தும் அதே ஒயரைத்தான் பாத்துக்கிட்டு இருந்தார். 'அப்படியே உக்காரும்'ங்கிற சொல்லுக்குள்ள எத்தனை 'ஆனா' ஒளிஞ்சிருக்குன்னு மச்சினன்களுக்குத் தெரியறதில்ல.

மறுநாள் மத்தியானம் மூணாவது கிக்குல பிடிச்சது. ஐயோ, அந்த சத்தம்! சேட்டக் சத்தம் தகர டப்பால கூழாங்கல்லை உலுக்கற மாதிரி இருக்கும். இது தவில்ல தொப்பிப் பக்கம் அடிக்கிற மாதிரி கனமா வருது. ரெண்டாவது கியர்ல லேசாத் திருகினேன், முன் சக்கரம் தரையைக் கூச்சத்தோட தொட்டுக்கிட்டு வருது. மில் ரோடு முந்நூறு மீட்டர் இருக்கும். மூணாவது கியர் போட்டு முடிக்கறதுக்குள்ள காம்பவுண்டு சுவர் எதிர்ல வந்துருச்சு.

பிரேக்கைப் பிடிச்சேன்.

இதைத்தான் மெக்கானிக் அண்ணன் காலையிலருந்து சொல்லிக்கிட்டே இருந்தார். சேட்டக்கோட பிரேக் ரெண்டும் டிரம், அதுவும் ஏழரைக் குதிரைக்கு அளவெடுத்துத் தைச்சது. முன் பிரேக்கை அழுத்தினா வண்டி நிக்கிறதுக்கு முன்னாடி தலையைக் குனிஞ்சு கும்பிடு போடும். 80-ல போற வண்டியை நிறுத்தறதுக்கும் 110-ல போற வண்டியை நிறுத்தறதுக்கும் வித்தியாசம் முப்பது இல்ல. வேகத்தோட வர்க்கத்துக்குத்தான் சக்தி ஏறும், அதனால கிட்டத்தட்ட ரெண்டு மடங்கை அந்தச் சின்ன டிரம் சூடாக்கித் தள்ளணும். சுவருக்கு நல்ல தூரம் முன்னாடியே நின்னேன், பயப்படாதீங்க. அண்ணன் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டு, அதுல பிரேக் பிடிக்கச் சொல்லியிருந்தார். ஆனா கால்ல ஒரு நடுக்கம்.

இன்னொண்ணும் சொன்னார். ஏறறதுக்குத்தான் எல்லாரும் பெரிய எஞ்சின் கேக்கறாங்க, இறங்கறதை யாரும் யோசிக்கறதில்லைன்னு. டூ ஸ்ட்ரோக் வண்டியில பெட்ரோலோடதான் ஆயிலும் உள்ள போகுது. மலை இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடிட்டு எஞ்சின் இழுவையில இறங்கினா, எஞ்சின் வேகமாச் சுத்தும், ஆனா பெட்ரோல் போகாது. பெட்ரோல் போகலைன்னா ஆயிலும் போகாது. பிஸ்டன் காய்ஞ்சு சீஸ் ஆனா பின் சக்கரம் அப்படியே நிக்கும். அதனாலதான் பழைய ஆளுங்க இறக்கத்துல அப்பப்போ ஆக்சிலேட்டரை ஒரு திருகு திருகி விடுவாங்க, பாத்திருப்பீங்க. அதென்ன சும்மா சீன் போடறாங்கன்னு நான் சின்ன வயசுல நினைச்சதுண்டு. ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி எஞ்சின் பிரேக்கிங்கும் இதுல பெருசா கிடையாது. அப்போ கோத்தகிரியிலருந்து நாலு பேரோட இறங்கறப்போ நிறுத்தறது யாரு? அந்த ரெண்டு டிரம்தான்.

அப்பா பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தார். நான் வண்டியைக் கிட்ட கொண்டு வந்ததும் எழுந்தார். "ஒரு சுத்துப் போலாம்"னு பின்னாடி ஏறி உக்காந்துட்டார். நாப்பதைத் தாண்டாம ரெண்டு சுத்து போனோம். பழைய பஞ்சு கோடவுன் பக்கத்துல சரக்கு ஏத்தறதுக்காகக் கட்டின ஒரு ஏத்தம் இருக்கு, நல்ல செங்குத்து. அதுல விடச் சொன்னார். ரெண்டாவது கியர்ல, முக்கல் முனகல் எதுவும் இல்லாம, ஏறி நின்னுச்சு. அப்பா என் தோள்ல வச்சிருந்த கையை எடுக்கவே இல்ல. மேல நின்னு கொஞ்ச நேரம் மில்லைப் பாத்துட்டு, "ம், இறக்கு"ன்னார். அவ்வளவுதான் பேச்சு.

அன்னிக்கு ராத்திரி நான் சட்டத்தைத் தேடிப் படிச்சேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாப் போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாச் சொல்லியிருக்கு. அதே வருஷத்துத் திருத்தத்துல, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும். எஞ்சின் கெட்டுப் போனா அதே ரகத்துல வேற எஞ்சின் மாத்தி, அனுமதி வாங்கிப் பதிஞ்சுக்க வழி இருக்கு. 145-க்குப் பதிலா 198-ன்னு கொண்டு போய் நின்னா வழி இல்ல. பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். எங்களுக்கு அடுத்து 2028. அதெல்லாம் கூட பரவால்ல. நாளைக்கு ரோட்ல குறுக்க ஒருத்தர் வந்து ஏதாவது ஆயிட்டா, எஞ்சின் நம்பரைப் பாத்துட்டு இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சா, அடிபட்டவர் குடும்பத்துக்கு யாரு பதில் சொல்றது? வெளிநாட்டு வீடியோவைப் பாத்துட்டு இங்க எஞ்சின் மாத்தற தம்பிங்க இந்த இடத்தை மட்டும் வேகமா ஓட்டி விட்டுடறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

மறுநாள் 200-ஐ இறக்கிட்டோம். மச்சினன் முகம் தொங்கிப் போச்சு. எப்படியும் கழட்டியாச்சேன்னு பழைய எஞ்சினைப் பிரிச்சுப் பாத்தா, சைலன்சர் பக்கத்து ஓட்டையில கரி அரை இஞ்ச் கனத்துக்கு அடைச்சு நிக்குது. சிலிண்டர்லயும் தேய்மானம். லேத்துல கொடுத்து அரை மில்லிமீட்டர் போரிங் பண்ணி, புது பிஸ்டன் போட்டு, கரியெல்லாம் சுரண்டி, ஆயில் சீல் மாத்தி, பிரேக் ஷூ ரெண்டும் புதுசாப் போட்டோம். விட்டம் 57.5 ஆனா கொள்ளளவு 148 சிசி. இரநூறு கேட்ட மச்சினனுக்கு ரெண்டரை சிசி கூட்டிக் கொடுத்தாச்சு :)

அரை டேங்க் ஓட்டி ரன்னிங் இன் முடிச்சப்புறம், போன தை மாசம் நானும் அப்பாவும் கோத்தகிரி போனோம். தங்கமணியும் பசங்களும் மச்சினன் கார்ல பின்னாடி. ரெண்டு பேர்தானே, ரெண்டாவது கியர்ல அழுதுக்கிட்டே ஏறிருச்சு. ஒரு வளைவுல அப்பா தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கி, கார்ல இருந்த என் பொண்ணை இறக்கிக் கையைப் பிடிச்சுக்கிட்டு, அந்த வளைவை நடந்தே ஏறினார். மூட்டு வலியோட. நான் வண்டியை மேல கொண்டு போயி நிறுத்திட்டுக் காத்துக்கிட்டு இருந்தேன். வந்து சேர மொத்தம் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். இறங்கறப்போ கார்லதான் வந்தார், "எஞ்சினுக்கு ஆயில் பத்தாது, நீ தனியா வா, அப்பப்போ திருகி விடு"ன்னு சொல்லிட்டு.

அந்த 200 எஞ்சின் எங்க மாடிப்படிக்குக் கீழ சாக்குல சுத்தி இருக்கு. மாசத்துக்கு ஒருக்கா அப்பா பிளக் ஓட்டையில ரெண்டு சொட்டு ஆயில் விட்டு, கிக்கரைக் கையால ஒரு சுத்து சுத்தி விட்டு, நோட்டுல தேதி போடறார்.

டிஸ்கி: ஒரிஜினல் வெஸ்பா 200, எஞ்சின் போயி பாடியும் ஆர்.சி. புக்கும் மட்டும் சுத்தமா இருந்து யாராவது கொடுக்கத் தயாரா இருந்தா மச்சினன் தேடிக்கிட்டு இருக்கான். புக்குல 200-ன்னு இருக்கணும், அது முக்கியம். விலையைப் பத்தி அவன்கிட்டப் பேசிக்குங்க, என்கிட்ட வேண்டாம். தங்கமணிக்குத் தெரிய வேண்டாம்.